ஒன்றாம் நம்பர் கார்டு

கதவு கார்டைப் படித்து நகலெடுக்கும் அந்தக் கருவி ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மேலே விரல்நுனி அகலத்துக்கு ஒரு திரை, பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள், அவ்வளவுதான். உத்தமபாளையத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்த ரஃபியும் தேவாரத்துப் பாண்டீஸ்வரியும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. கொச்சியில் இருந்த ரஃபியின் மச்சான்தான் அதைத் தேடிப் பிடித்து, ஒரு பழைய சார்ஜர் டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். முதல் நாள் ரஃபி தன் பைக் பார்க்கிங் டோக்கனை அதன் மேல் வைத்தான். திரையில் ஒரு நீண்ட எண் வந்து நின்றது. இருவரும் ஏதோ குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்டதுபோல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரஃபிக்கு அது ஒரு விளையாட்டு. அவனுக்குக் கடை இருந்தது. பாண்டீஸ்வரிக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். மற்ற நேரமெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ இலவசமாகப் போட்டிருந்த பாடங்களைப் படித்தாள். கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டரையும் கதவையும் உடைத்துப் பார்க்கச் சொல்லி ஆள் வைக்கின்றன, எங்கே ஓட்டை என்று எழுதிக்கொடுத்தால் சம்பளம் தருகின்றன என்று அவள் தன் அம்மா இருளம்மாளுக்கு விளக்கிச் சொன்னபோது, இருளம்மாள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒடைக்கிறவளுக்கா சம்பளம்? இங்கன காவல் காக்குறவனுக்கே ஒழுங்காக் குடுக்க மாட்டேங்குறாக."

ஆனாலும் அம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். மகள் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைன் வகுப்பில் இங்கிலீஷில் கேள்வி கேட்பதை அடுப்படியிலிருந்து காது கொடுத்துக் கேட்பாள். மகள் விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. நன்றாகப் படித்திருக்கிறீர்கள், உண்மையான இடத்தில் ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சலிப்போடு சொன்னாள் பாண்டீஸ்வரி. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம மொதலாளி கிட்டங்கியில கார்டுப் பூட்டு போட்டுருக்காகள்ல. அதப் பாத்துச் சொல்லேன். நான் கேக்குறேன்."

இருளம்மாள் பதினெட்டு வருடமாக மொக்கைச்சாமியின் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து, வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்கி, பச்சை மங்காத பெருங்காயை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். முப்பது பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். மொக்கைச்சாமி இளவயதில் அந்த மலைப்பாதையில் தலைச்சுமையாகக் காய் இறக்கி மேலே வந்தவர். ஒரு காயின் விலை என்ன என்பது அவர் பிடரிக்குத் தெரியும்.

முன்பெல்லாம் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் கிடக்கும். மருமகன் விஜய்பாண்டி வந்த பிறகுதான் கார்டும் கேமராவும் வந்தன. அவன் திருப்பூரில் ஏதோ தொழில் நடத்தி, அது படுத்துப்போய், மனைவி மக்களோடு மாமனாரிடம் வந்து சேர்ந்தவன். பூட்டுகளை அவனே வாங்கி, அவனே ஆள் வைத்து மாட்டினான். அப்படியும் பெருங்காய் மூட்டைகள் இருக்கும் உள்ளறை, மாமனாரின் ஒன்றாம் நம்பர் கார்டுக்கு மட்டும்தான் திறக்கும். "மருமகன் கார்டுக்கும் தெறக்காதுப்பா" என்று மொக்கைச்சாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். விஜய்பாண்டியும் கூடச் சிரிப்பான்.

பாண்டீஸ்வரி ஒரு புதன்கிழமை காலை அங்கே போனாள். பைக்குள் கருவியும், இரண்டு வெற்றுக் கார்டுகளும், வீட்டில் டைப் செய்து கொண்டுவந்த ஒரு தாளும் இருந்தன. எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்தக் கதவையும் தொடாதீர்கள், அந்தத் தாள் இல்லாவிட்டால் உங்களுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் சொல்ல ஆள் இருக்காது என்று ஆன்லைன் வகுப்பெடுத்தவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் அதை நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

"ஐயா, ஒரு கையெழுத்து மட்டும் வேணும். பூட்டச் சோதிச்சுப் பாக்க நீங்க சம்மதிச்சீகன்னு நாலு வரி."

"எதுக்குத்தா அது?"

"எங்க வேலையில அதான் மொறைங்கய்யா."

மொக்கைச்சாமியின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் வற்றியது. "ஒங்காத்தா பதினெட்டு வருசமா இங்கன ஒக்காந்து காய் பொறக்குது. அது என்கிட்ட எதையாச்சும் எழுதி வாங்குச்சா? இல்ல, நாந்தான் அதுகிட்ட எழுதி வாங்குனனா? நம்ம புள்ளைக்கு எதுக்கு லெட்டரு? நாந்தான் சொல்றேன்ல, பாரு."

பின்னால் நின்ற இருளம்மாள் மகளின் முழங்கைச் சதையைக் கிள்ளினாள். பாண்டீஸ்வரி பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

செய்து காட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொக்கைச்சாமியின் சட்டைப் பையில் செல்போனுக்குப் பின்னால் கார்டு இருந்தது. அவள் பேசிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றாள். கருவியைப் பிடித்திருந்த கை அவர் பையிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான். பிறகு வெற்றுக் கார்டைக் கருவியின் மேல் வைத்து ஒரு பட்டனை அழுத்தினாள். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு நேரே உள்ளறைக் கதவுக்குப் போய்ப் பூட்டில் காட்டினாள். கீச்சென்று ஒலி வந்தது. கதவு திறந்தது. ஏலக்காய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது.

பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றுபோயின. ஒருத்தி மட்டும் "ஆத்தாடி" என்றாள்.

"இந்தக் கார்டுக்குள்ள இருக்கிறது ஒரே ஒரு நம்பருதாங்கய்யா" என்றாள் பாண்டீஸ்வரி. "யாரு கேட்டாலும் அது சொல்லிரும். கதவு கேட்டாலும் சொல்லும், இது கேட்டாலும் சொல்லும். கேக்குறது யாருன்னு அதுக்குப் பாக்கத் தெரியாது. வெல கூடுன பூட்டுல அப்பிடிப் பண்ண முடியாது."

மொக்கைச்சாமி தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா இருளாயி, ஒம்மக என் சட்டையில கை விடாமயே சாவிய எடுத்துருச்சு." கணக்குப்பிள்ளை பலவேசத்திடம் எல்லோருக்கும் வடையும் டீயும் சொல்லச் சொன்னார். விஜய்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அவன் வாங்கிப் போட்ட பூட்டு. ஆனால் கோபப்படவும் இல்லை. அவள் அருகில் வந்து கையை நீட்டினான்.

"அந்தக் கார்டக் குடு ஆத்தா. வெட்டிப் போட்டுர்றேன். இப்பிடி ஒண்ணு வெளியில கெடக்கக்கூடாதுல்ல."

சரியான பேச்சுத்தான். அவளே அதைத்தான் சொல்ல இருந்தாள். கொடுத்தாள். அதை அவள் கொடுக்கும்போது இருளம்மாள் நாலடி தள்ளிச் சுளகோடு நின்று, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டீஸ்வரி இரண்டு பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினாள். அவருக்குப் புரிய வேண்டுமென்று தமிழிலேயே எழுதினாள். பூட்டை மாற்ற வேண்டும், உள்ளறைக்குக் கார்டோடு ஒரு ரகசிய எண்ணும் வைக்க வேண்டும், கரண்ட் போனால் பூட்டு பேட்டரியில் ஓடுகிறது, கேமரா நின்றுவிடுகிறது, அதற்கும் பேட்டரி வேண்டும். மொக்கைச்சாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். சீசன் முடியட்டும் என்றார். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன், யாராவது கேட்டால் கிட்டங்கி நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். "தாராளமாக் குடு ஆத்தா. நம்ம புள்ள தங்கமான புள்ளன்னு சொல்றேன்" என்றார்.

அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. முதல் முறையாக நேர்காணல்வரை போனாள். திரையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர், பெயர்களை அழித்துவிட்டு அவள் அனுப்பியிருந்த அறிக்கையை இரண்டு முறை கையில் எடுத்துப் பேசினார். இரண்டாம் சுற்றும் முடிந்தது. ரஃபி கடையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

திருட்டு நடந்தது ஒரு சனிக்கிழமை. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரில் கரண்ட் கிடையாது. வெளிச்சம் இல்லாமல் காய் பொறுக்க முடியாது என்பதால் பெண்களுக்கு லீவு. மொக்கைச்சாமி மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குச்சனூர்க் கோயிலுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை லோடு அனுப்ப உள்ளறையைத் திறந்தபோது ஐந்து மூட்டை பெருங்காய் குறைந்தது. பூட்டு உடையவில்லை.

அம்மாவின் போன் வந்தபோது பாண்டீஸ்வரி ரஃபி கடையில் இருந்தாள். "மொதலாளி ஒன்னையக் கூப்புடுறாக. அந்த மிசினையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாக." அம்மாவின் குரலில் எந்தக் கலக்கமும் இல்லை. திருட்டைக் கண்டுபிடிக்கத் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே அவள் நினைத்தாள். பஸ்ஸில் போகும்போது எதை எதைப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டு போனாள்.

ஆபீஸ் அறையில் மொக்கைச்சாமி, விஜய்பாண்டி, பலவேசம் மூவரும் இருந்தார்கள். இருளம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். யாரும் பாண்டீஸ்வரியை உட்காரச் சொல்லவில்லை. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

"பூட்டு எப்பத் தெறந்ததுன்னு கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கும்யா. பாத்துரலாம்" என்று தானே போய் மேசையில் குனிந்து பார்த்தாள். சனிக்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. உள்ளறைக் கதவு. ஒன்றாம் நம்பர் கார்டு.

"ஏங்கார்டா?" என்றார் மொக்கைச்சாமி. "நான் குச்சனூர்ல இருந்தேன். கார்டு ஏஞ்சட்டையில இருந்துச்சு."

"அப்ப அது நகல்தாங்கய்யா" என்று சொல்லி நிமிர்ந்தாள். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அறையில் இருந்தவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நகல் எடுக்குற மிசினு ஊருக்குள்ள யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டான் விஜய்பாண்டி. மெதுவாகத்தான் கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு நான் போட்ட கார்ட ஒங்ககிட்டத்தான குடுத்தேன். வெட்டிப் போடுறேன்னு வாங்குனீக."

மொக்கைச்சாமி அவளைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார். சனிக்கிழமை குச்சனூருக்குக் கிளம்பும்போது காரில் இடமிருந்தும், வேலை கிடக்கிறது என்று வராமல் நின்றவன் அவன். உள்ளறை தனக்குத் திறக்காது என்று பத்துப் பேர் முன்னால் நூறு முறை கேட்டவன் அவன். பார்வை அவன் மேல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் கிழவரின் முகம் தொங்கிப்போனதைப் பாண்டீஸ்வரி பார்த்தாள். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனிப் பயமில்லை என்றுகூட அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது.

"எந்தக் கார்டு?" என்றார் மொக்கைச்சாமி.

"ஐயா, ஒங்க முன்னாலதான…"

"நீ என்னமோ மிசின வச்சு வெளையாண்டுக்கிட்டு இருந்த. வேடிக்க பாத்தேன். யாரு யாருகிட்ட எதக் குடுத்தாகன்னு நான் பாக்கல." அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "இருளாயி, நீ அங்கனதான நின்ன. ஒம்மக இவர்கிட்டக் கார்டக் குடுத்தத நீ பாத்தியா?"

பாண்டீஸ்வரி நிம்மதியாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

இருளம்மாள் முதலாளியைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் காய் பொறக்கிக்கிட்டு இருந்தேன்யா. கவனிக்கல."

அதற்குப் பிறகு அந்த அறையில் பேசியவையெல்லாம் பாண்டீஸ்வரிக்குத் தூரத்திலிருந்து கேட்பவைபோலத்தான் இருந்தன. போலீசுக்குப் போனால் பொம்பளப் புள்ள பேர் கெட்டுவிடும் என்றார்கள். பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளின் மகள் என்பதால்தான் இவ்வளவு பொறுமை என்றார்கள். மூட்டையை அவள் எடுத்தாள் என்று யாரும் சொல்லவில்லை, அவள் விளையாட்டால் எவனோ எடுத்துவிட்டான், அதை அவள் ஒத்துக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார்கள். அப்படிச் சொன்னது விஜய்பாண்டி. மாமனார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலவேசம்தான் எழுதினார். அவர் நல்ல மனிதர். பேனா மூடியைத் திறப்பதற்குள் இரண்டு முறை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நிறுவன உரிமையாளருக்குத் தெரியாமலும் அவருடைய அனுமதி பெறாமலும் கார்டை நகல் எடுத்தேன், அதனால் ஏற்பட்ட இழப்புக்கு நானே காரணம், இனி இதுபோல் செய்ய மாட்டேன். அவள் அதை வாசித்தாள். 'அனுமதி' என்ற சொல்லில் கொஞ்ச நேரம் கண் நின்றது. கையெழுத்துப் போட்டாள். கருவியை மேசைமேல் வைத்தாள். அதில் பாதி ரஃபியுடையது என்று சொல்ல நினைத்து, அவனையும் இதற்குள் இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"நீயும் நாளையிலருந்து வர வேண்டாம் இருளாயி" என்றார் மொக்கைச்சாமி, ஜன்னலைப் பார்த்தபடியே. "பொம்பளைக எல்லாம் ஒரு மாதிரிப் பேசுவாக. நல்லாயிருக்காது."

வெளியே வரும்போது வாசலில் இருளம்மாள் பழக்கதோஷத்தில் முந்தானையை எடுத்து உதறிக் காட்டினாள். அங்கே பார்ப்பதற்கு ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பாண்டீஸ்வரி கேட்டாள்.

"நீ பாத்தேல்லம்மா?"

"பாத்தேன்."

"பின்ன?"

இருளம்மாள் குழம்புச் சட்டியை மூடினாள். "பாத்தேன்னு சொன்னா என்ன செஞ்சிருப்பாக? மருமகன வெரட்டிட்டு மகள மட்டும் தனியா வீட்டுல வச்சுக்குவாகளாக்கும்? ரெண்டு பேருமாச் சேந்து திருடுனோம்னு போலீசுல சொல்லிருப்பாக. நான் குனிஞ்சா ஒன்னைய விட்டுருவாகன்னு நெனச்சேன்."

"ஒன்னைய வேலைக்கு வச்சுக்குவாகன்னும் நெனச்ச."

அம்மா மறுக்கவில்லை. அதுதான் பாண்டீஸ்வரியால் பொறுக்க முடியாமல் இருந்தது. இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

கோயம்புத்தூர்க் கம்பெனியில் அவள் கிட்டங்கி நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள். நடந்ததை முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும் என்று மூன்று நாள் மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எப்படி எழுதினாலும் அது திருடியின் சமாதானம் மாதிரியே இருந்தது. ஒருவேளை அவர்கள் போன் பண்ணாமலே விட்டுவிடலாம் என்றும் ஒரு ஆசை. நான்காம் நாள் அந்தக் கம்பெனிப் பெண் அழைத்தாள். மரியாதையான குரல்.

"உங்களைப் பத்தி விசாரிக்க அந்த நம்பருக்குப் பேசினோம். அங்க மேனேஜர்னு ஒருத்தர் எடுத்தார். நீங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒண்ணை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். அது உங்க கையெழுத்துதானா?"

"எங்கையெழுத்துதான். ஆனா அதுல இருக்கது நடந்தது இல்ல மேடம்."

பாண்டீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கிடாமல் கேட்டாள் அந்தப் பெண். கடைசியில், "நான் உங்களை நம்புறேன்" என்றாள். "ஆனா நாங்க பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற ஆளுங்க. இப்படி ஒரு லெட்டர் இருக்கிறவங்களை எங்களால அனுப்ப முடியாது. நீங்க ஏன் முதல்லயே எழுதி வாங்கலை?"

அவளுக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. அம்மா கிள்ளிய இடத்தைப் பற்றியும், 'நம்ம புள்ள' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு அவரிடம் தாளை நீட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது. "தப்புதான் மேடம்" என்றாள்.

ரஃபி கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்கு வா, வேலை கிடக்கிறது என்று மட்டும் சொன்னான். லாக் மறந்துபோன போன்களைத் திறந்து கொடுப்பது, செத்த போனிலிருந்து கல்யாணப் போட்டோக்களை மீட்டெடுப்பது என்று அவளுக்குக் கை ஓயாமல் வேலை இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் அவள் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கினாள். கிராமத்திலிருந்து வந்த பெரியவர்களிடம் கைநாட்டு வாங்கினாள். இதற்கெல்லாமா என்று சலித்துக்கொண்டவர்களிடம், அப்படியானால் வேறு கடைக்குப் போங்கள் என்றாள். இரண்டு மூன்று பேர் போயும் விட்டார்கள். ரஃபி அடுத்த போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

இருளம்மாளுக்கு வேறு கிட்டங்கிகளில் வேலை கிடைக்கவில்லை. காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆள் இருக்கிறது என்றார்கள். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்த்தவள் ஐம்பத்திரண்டு வயதில் தோட்ட ஜீப்பில் ஏறினாள். விடியும் முன்பு இருபது பேரை அடைத்துக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போகும் ஜீப். அங்கே ஈரத்தில் மண்டியிட்டு, செடியின் தூரில் கைவிட்டுக் காய் எடுக்க வேண்டும். இருட்டும்போது திரும்பி வருவாள். கணுக்காலில் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் படுத்துவிடுவாள். மகள் வெந்நீர் வைத்து வாசலில் வைப்பாள். நன்றி சொல்வதோ திட்டுவதோ இருவருக்கும் இடையில் இல்லாமல் போயிருந்தது.

ஏழு மாதம் கழித்து உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் மொக்கைச்சாமி அவள் எதிரில் வந்து நின்றார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் செல்போன் மட்டும் தெரிந்தது. அவள் விலகிப் போகப் பார்த்தாள்.

"நில்லுத்தா. ஒரு வார்த்த."

அவள் நின்றாள்.

"மருமகன் கம்பத்துல தனியாக் கட போட்டுட்டான். ஏஞ்சரக்க வாங்குற ஆளுக பாதிப் பேரு இப்ப அங்கன நிக்கிறாக." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியும்த்தா. அன்னிக்கே தெரியும். மக வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் வேற என்ன செய்ய?"

"நானும் ஒருத்தருக்கு மகதான்யா."

"ஒங்காத்தா மலைக்குப் போகுதாமே. முட்டி தாங்காது. வரச் சொல்லுத்தா. பழைய எடத்துலயே ஒக்காரட்டும்" என்றார்.

"இப்ப என்கிட்டச் சொன்னத எழுதிக் குடுப்பீகளா? நீங்க சொல்லித்தான் கார்ட நகல் எடுத்தேன்னு. அந்தக் கோயம்புத்தூரு கம்பெனிக்கு அனுப்புவேன்."

மொக்கைச்சாமி அவளை ஏறிட்டுப் பார்த்தார். உண்மையாகவே யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். "பேரப்புள்ளைக இருக்குத்தா. பின்னால அதுக அத வாசிக்கும்ல." தேவாரம் பஸ் வந்து நின்றது. அதில் ஏறும்போது படியில் அவர் கால் தடுமாறியது. அவள் பிடிக்கவில்லை. வேறு யாரோ பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றே இருந்தாள். சொன்னால் அம்மா போக மாட்டாள், காறித் துப்புவாள் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் தோன்றியதை அவள் நினைக்க விரும்பவில்லை.

இருளம்மாள் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கால்களை ஒவ்வொன்றாக வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். வலது முட்டி வீங்கிப் பளபளத்தது. பாண்டீஸ்வரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மொக்கைச்சாமி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவருக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னாள். எழுதித்தர மாட்டேன் என்றதையும் சொன்னாள்.

இருளம்மாள் தண்ணீரில் இருந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வரச் சொன்னாக?" என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரி உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஏதோ ஒரு பாடம் பாதியில் நின்றிருந்தது. அதன் ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. வெளியே அம்மா நீரைக் கொட்டும் சத்தம் கேட்டது.

"தேதி ஒண்ணும் சொல்லல" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். "நாளைக்கே போ."